ஓடிப்போனவன் உள்ளே படுத்திருக்கிறான்

இருமக்கூடாது. இப்பம் மட்டும் இருமக்கூடாது. துண்டைச் சுருட்டி வாய்க்குள்ள வச்சு, மேல மூணு பல்லு, கீழ நாலு பல்லு, இருக்கிற பல்லை வச்சு எம்புட்டுக் கடிக்க முடியுமோ அம்புட்டுக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கேன். சேலைக்கு அந்தப்பக்கம் வி.ஏ.ஓ. வந்து உக்காந்துருக்கு. பழைய மீசைக்காரர் இல்ல, அவரு மாத்தலாகிப் போயிட்டாரு. இது புதுசு, பொம்பளைப் பிள்ளை, குரலைக் கேட்டா முப்பது வயசு இருக்காது. எனக்கும் அதுக்கும் நடுவுல எட்டடி தூரம், ஒரு சேலை. லைன் வீடுல்லா, ஒரே ரூம்பு, நடுவுல கயித்தைக் கட்டிப் பழஞ்சேலையைத் தொங்கப் போட்டுருக்கோம். அந்தப்பக்கம் அடுப்பும் ஆபீசரும், இந்தப்பக்கம் நான். நான்னு இங்க யாரும் கெடையாது. தாலுகா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல என் பொண்டாட்டி பேருக்கு நேரா, குருவம்மாள், கணவர் பெயர் மாடக்கண்ணு, கணவரால் கைவிடப்பட்டவர்னு இருக்கு. பதினோரு வருஷமா இருக்கு. அதுக்குத்தான் மாசாமாசம் பென்ஷன் வருது. கைவிட்டவன் எங்க போனான்னு கவர்மெண்டுக்குத் தெரியாது. கைவிட்டவன் இந்தா கெடக்கான், அவ பாயில, அவ தலைகாணியில, காலையில அவ ஊட்டிவிட்ட கஞ்சி இன்னும் நெஞ்சுக்கு நேரா நிக்க. ஒரு இருமல் போதும். ஒண்ணே ஒண்ணு. பென்ஷன் நின்னு போகும். வீட்டு வாடகை அதுலதான், அவ சுகர் மாத்திரை அதுலதான், இந்தக் கஞ்சியும் அதுலதான். வாங்குனதை எல்லாம் திருப்பிக் கட்டுன்னு நோட்டீஸ் வந்தாலும் வரும், கீழத்தெருவுல ஒருத்திக்கு வந்துச்சுல்லா. அதனால இருமக்கூடாது. நெஞ்சுக்குள்ள ஒண்ணு நகருது. நகரட்டும். வேற எதையாவது நெனைப்போம்.

வேற என்னத்த நெனைக்க. எதை நெனைச்சாலும் இங்கனதான் வந்து நிக்கிது. தீப்பெட்டி ஆபீஸ்ல முப்பது வருஷம் மருந்து கலக்குனேன், குச்சிக்குத் தலை வைக்கிற மருந்து. அந்தத் தூசி உள்ள போனது போனதுதான், வெளிய வரவே இல்ல. அம்பத்தஞ்சு வயசுல மேனேஜர் கூப்பிட்டு, மாடக்கண்ணு, நீ இருமுறதைப் பாத்துப் பொம்பளையாளுக எல்லாம் பயப்படுதுகப்பா, வீட்டுல இருந்து உடம்பைப் பாருன்னு அனுப்பிட்டாரு. எனக்கு அறுபது ஆகல, முதியோர் பென்ஷன் கெடையாது. அவளுக்கு அம்பத்திரெண்டு. தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதிக் குடுக்கிறவர்தான் வழி சொன்னாரு. விதவைன்னா கெடைக்கும், புருஷன் விட்டுட்டுப் போயிருந்தாலும் கெடைக்கும், ரெண்டுல எதும்மான்னு கேட்டாராம், ஓட்டல்ல இட்லியா தோசையான்னு கேக்குற மாதிரி. இவ வீட்டுக்கு வந்து உக்காந்து அழுதா. நான்தான் சிரிச்சேன். அட கூறுகெட்டவளே, இதுக்கா அழுவ, ஓடிப்போயிட்டான்னு எழுதச் சொல்லு, என் மூஞ்சிக்கு ஊரே நம்பும்னேன். எம்புட்டுக் கொழுப்பு. பேப்பர்லதான ஓடுறோம்னு நெனைச்சேன். ரேஷன் கார்டுல பேரை அடிச்சாக. ஓட்டு லிஸ்டுலயும் போச்சு. எனக்கு அறுபது வந்தப்போ மனு குடுப்போம்னு பாத்தா, எந்த வீட்டு நம்பரைக் குடுக்க? இந்த நம்பரைக் குடுத்தா அவ மாட்டுவா. கார்டுல பேரு இல்லாதவனுக்கு எந்த ஆபீஸ் கதவு தெறக்கும். சரி, ஒருத்திக்கு வருதே, அது போதும்னு விட்டாச்சு. வருஷத்துக்கு ஒருக்க விசாரிக்க வருவாக. தலையாரி முந்தின நாளே ஜாடையாச் சொல்லிருவாரு. நான் காலையிலேயே கெளம்பி ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் போயி, ஒரு கட்டு பீடியை ஊதித் தீத்துட்டு, மீசைக்காரர் பைக் திரும்பிப் போற சத்தம் கேட்டபிறகு வருவேன். ஒரு வருஷம் அவரு என்னையவே நிறுத்தி, பெரியவரே குருவம்மாள் வீடு எங்கன இருக்குன்னு கேட்டாரு. மூணாவது வாசல்னு கையைக் காட்டுனேன். அன்னைக்கு ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே. கவர்மெண்டுக்கே தண்ணி காட்டிட்டோம்னு ஒரு இது. இப்பம் ஆடி மாசத்துல இருந்து காலு ரெண்டும் தரையில நிக்க மாட்டேங்குது. ஒண்ணுக்குப் போகணும்னாலே அவ தோளு வேணும். எங்க ஓட.

“பாட்டி, வீட்டுல எத்தனை பேரு?” அந்தப் பொண்ணு கேக்குது. பாட்டியாம். பிள்ளையே பெறாதவளைப் பாட்டிங்குது. “நான் ஒண்டிக்கட்டை தாயி.” சொல்லிட்டா. குரல் ஆடல. வருஷாவருஷம் சொல்லிச் சொல்லித் தேறிட்டா. ஆனா இன்னைக்குத் தலையாரி சொல்லல, திடுதிப்புனு ஸ்கூட்டி வந்து வாசல்ல நின்னுருச்சு, பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தவ பசைக்கையோட எந்திரிச்சா, சேலையை இழுத்துவிடத்தான் நேரம் இருந்துச்சு. எதை எதை மறைக்காம விட்டாளோ. டம்ளர் ரெண்டு. அது போகட்டும், ஒருத்தி ரெண்டு டம்ளர் வச்சிக்கிடக்கூடாதா. செருப்பு? அதை நான் போட்டு நாலு மாசமாச்சு, இந்தப்பக்கம் மூலையிலதான் கெடக்கு. கைலி. அய்யோ, கைலி. விடியக்காலம் பாயை நனைச்சிட்டேன், அலசி வாசக்கொடியில போட்டுருக்கா. நீலக் கட்டம் போட்ட கைலி. குனிஞ்சு உள்ள வரும்போது அந்தப் பொண்ணு நெத்தியில ஈரம் பட்டுருக்கும். கைலி கட்டுற பொம்பளை உண்டா? கேட்ருமோ. கேக்கல. பேனா ஓடுற சத்தம்தான் கேக்குது. எழுதி முடிச்சிட்டுக் கேக்கும். மூத்திர வாடை வேற. எனக்குத் தெரியல, நான் அதுலயே கெடக்கேன், மூக்கு மரத்துப்போச்சு, வெளிய இருந்து வந்தவளுக்குத் தெரியும்லா. ஊதுபத்தி பொருத்திருக்கா, அந்தப் புகை இந்தப்பக்கம்தான் வருது, ஆகாத புகை, தொண்டையைப் போயிச் சுரண்டுது. கைலி. ஒரு நாள், ஒரு நாளு பாயை நனைக்காம இருந்துருக்கக்கூடாதா நான். வெக்கங்கெட்ட உடம்பு.

தொண்டைக்குழி வரைக்கும் வந்துருச்சு அது. மூச்சை விட்டா வந்துரும், விடலைன்னா செத்துருவேன். செத்தா? இப்பம் நான் செத்தா அவ என்ன செய்வா? புருஷன் ஓடிப்போயிட்டான்னு அந்தப்பக்கம் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே இந்தப்பக்கம் புருஷன் செத்துக் கெடந்தா, எப்படி அழுவா? வாயைப் பொத்திக்கிட்டுத்தான் அழணும். சுடுகாட்டுல பேரு கேப்பானே, என்ன பேரைக் குடுப்பா? எந்த வீடுன்னு கேப்பானே? தெருவுல பந்தல் போட முடியாது, சங்கு ஊத முடியாது, பதினோரு வருஷமா இல்லாதவனுக்கு எப்படி எழவு விழும்? இது ரெண்டு பேருக்கும் தோணவே இல்லையே. பதினோரு வருஷத்துல ஒருக்கக்கூடத் தோணலையே. ஓடுறதைப் பத்தித்தான் நெனைச்சோம், சாகுறதைப் பத்தி நெனைக்கல. எனக்கு இப்பம் பயமா இருக்கு. நெசமாவே பயமா இருக்கு. இந்தப் பொண்ணு சீக்கிரம் போனா நல்லாருக்கும், குருவு வந்து நெஞ்சைத் தடவிவிடுவா. “வெளிய கைலி காயுதே பாட்டி?” கேட்டுட்டா. கேட்டேபுட்டா. துண்டு நூலு பல்லுல மாட்டுது. “கரித்துணி தாயி. பக்கத்து வீட்டுல பழசுன்னு போட்டாக, அடுப்புச் சட்டி பிடிக்க ஆகும்னு வாங்கிட்டு வந்தேன்.” கரித்துணியாம். என் கைலி கரித்துணியாம். எனக்குச் சிரிப்பு வருது, சிரிப்பு வந்தா பின்னாலேயே இருமல் வரும், அட மூதி, இந்த நேரத்துலயா சிரிப்புக் காட்டுவ.

“வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க.” “அதுல போட்டுருக்குமே தாயி, பாத்துக்கோங்க.” “நீங்க சொல்லணும் பாட்டி, நான் சரிபாக்கணும்.” “பேரு சொல்லிப் பழக்கமில்ல தாயி.” அந்தப் பொண்ணு சிரிக்குது. “விட்டுட்டுப் போனவருக்கா இம்புட்டு மரியாதை?” நல்ல பொண்ணாத்தான் இருக்கு. மீசைக்காரர்னா இந்நேரம் சள்ளுபுள்ளுனு விழுந்து, கைநாட்டு வாங்கிட்டுப் போயிருப்பாரு. இது கால் நீட்டி உக்காந்து கேக்குது. நல்லவுகதான் நமக்கு ஆபத்து. “சரி, எப்பப் போனாரு, ஏன் போனாருன்னு நீங்களே சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்.” இது தெரிஞ்ச பாடம். நான் சொல்லிக் குடுத்த பாடம். குடிப்பாக, அடிப்பாக, ஒரு நாள் சண்டை போட்டுட்டுப் பஸ் ஏறுனவுகதான், மூணே வரி. நான் ஒரு நாளும் கை ஓங்குனதில்ல, தாலுகா ஆபீசுக்காகப் பேப்பர்ல அடிச்சேன். சொல்லுட்டி, சொல்லிட்டு அனுப்பு. அடுப்புல என்னமோ கொதிக்கிது. எறக்கி வைக்கிற சத்தம். உக்காந்துட்டா. “எங்களுக்குப் பிள்ளை இல்ல தாயி” அப்படின்னு ஆரம்பிக்கா. இது பாடத்துல இல்லையே. இதை ஏன் சொல்லுதா?

“எட்டு வருஷம் பாத்தாக. கோயில் குளம்னு எல்லாம் பாத்தாச்சு. அப்புறம் சிவகாசியில ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை, சம்பளம் கூடன்னு சொல்லிட்டுப் போனாக. அங்க ஒருத்தி இருந்தா. கைப்பிள்ளைக்காரி.” யெப்பா. சொர்ணம். இவளுக்கு எப்படித் தெரியும்? முப்பத்துநாலு வருஷம் ஆச்சு, நான் யார்கிட்டயும் மூச்சு விடல, மாசாமாசம் மணியார்டர் அனுப்புனேன், லெட்டர்ல மேஸ்திரி திட்டுதாரு, மழை பெஞ்சுதுன்னு எழுதுனேன். எட்டு மாசம் இருந்தேன் அங்க. புருஷன் செத்தவ, ஒரு வயசு ஆம்பளைப் பிள்ளை, என்னைப் பாத்தாக் கையை நீட்டும். அந்தக் கைக்குத்தான் போனேன். சத்தியமா அதுக்குத்தான் போனேன். அவ சொல்லிக்கிட்டே போறா, பொம்பளையும் பொம்பளையும் பேசுற குரல்ல, என்கிட்ட ஒரு நாளும் பேசாத குரல்ல. “ஒட்டுன பெட்டியை ஆபீஸ்ல குடுத்துட்டு பஸ் ஸ்டாண்டு வழியாத்தான் வருவேன். சிவகாசி பஸ்ஸு அஞ்சு மணிக்கு வரும். தெனம் நின்னு பாப்பேன், வந்தாலும் வருவாகன்னு. ஒரு நா வந்தாக. எறங்கல. பஸ்ஸு திருநெவேலிக்குப் போகுது. சன்னல்ல அவுக, மடியில பிள்ளை, பக்கத்துல அவ. என்னையப் பாத்ததும் கீழ செருப்பைத் தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டாக. நிமிரவே இல்ல. எம்புட்டு நேரம் ஒரு மனுஷன் செருப்பைத் தேடுவாரு, தாயி? பஸ்ஸு வேற எடுக்க மாட்டேங்குது. முதுகு வலிக்குமேன்னுட்டு நானே அங்கருந்து நகந்து போயிட்டேன்.”

பாத்திருக்கா. பாத்திருக்கா அவ. நான் குனிஞ்சேன், ஆமா குனிஞ்சேன், பிள்ளை காலு என் கன்னத்துல மிதிக்கிது, கீழ கடலைத் தொலியும் எச்சியும் கெடக்கு, முருகா முருகா வண்டியை எடுக்கச் சொல்லுன்னு கெடந்தேன், நிமிந்து பாத்தா அவ அங்க இல்ல. அப்பாடா, பாக்கலைன்னு நெனைச்சேன். தப்பிச்சேன்னு நெனைச்சேன். முப்பத்துநாலு வருஷமாத் தப்பிச்சவனாத்தான் இவகூடச் சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். அந்த முதுகை இவ பாத்துருக்கா. இப்பம் அதே முதுகுலதான் உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு, தெனம் உப்புத்தண்ணி வச்சுத் தொடைக்கிறா, தொடைக்கும்போதெல்லாம் அந்தப் பஸ்ஸை நெனைச்சிருப்பாளோ. ஒரு வார்த்தை கேட்டதில்ல. சொர்ணம் அவ அண்ணன் வீட்டோட போன பிறகு நான் திரும்பி வந்தேன், கையில ஒரு சேலைப் பொட்டலத்தோட. வாசல்ல பாத்தா, பஸ்ஸுல கூட்டமான்னு கேட்டா. ஆமா கூட்டம்னேன். உக்காருங்கன்னு இலையைப் போட்டா. அம்புட்டுதான் எங்களுக்குள்ள நடந்த விசாரணை. “அப்புறம் அவரு திரும்பி வரவே இல்லையா பாட்டி?” பொண்ணு கேக்குது. “வரல தாயி. போனவுக வரவே இல்ல.” இதை நான் எப்படி எடுத்துக்கிட? பென்ஷனுக்குச் சொல்லுதா. பென்ஷனுக்குத்தான், வேற எதுக்கு. வரலைன்னு சொன்னாத்தான பணம். ஆனா கைலிக்குப் பொய் சொன்ன குரல் இது இல்லையே. அது வேற குரல், எனக்குத் தெரியும், நாப்பத்திரெண்டு வருஷம் கேட்ட காது. நான் வந்தேன்ட்டி. வந்து முப்பத்துநாலு வருஷமாச்சுட்டி. நீதான இலையைப் போட்ட. இதைக் கத்திச் சொல்லணும்போல இருக்கு. சொன்னா வீட்டு வாடகை போயிரும்.

பேனாவை மூடுற சத்தம். “சரி பாட்டி, அழாதீங்க. உங்க பென்ஷனுக்கு ஒண்ணும் ஆகாது. நான் எழுதிட்டேன். இங்க ஒரு கைநாட்டு வைங்க.” அழுதாளா? எனக்குக் கேக்கலையே. அந்தப் பொண்ணு எந்திரிக்கிற சத்தம். போ தாயி, மகராசியாப் போ. இன்னும் நாலு எட்டு. நெஞ்சுல இருக்கிறது கொதிக்கிது, கண்ணுல தண்ணி, காதுல ஒரே இரைச்சல். வாசப்படி வரைக்கும் போன பொண்ணு நின்னுருச்சு. “பாட்டி, இந்தத் தெருவுல வயசானவங்க யாராவது படுத்த படுக்கையா இருக்காங்களா? வீட்டுக்கே நர்ஸ் வந்து பாக்குறாங்க இப்ப, வாரத்துக்கு ஒரு நாள். லிஸ்டு எடுக்கச் சொல்லியிருக்காங்க.” போ தாயி, அதெல்லாம் இங்க இல்ல. “வந்து என்ன செய்வாக?” குருவு கேக்கா. எதுக்குக் கேக்கா? “முதுகுல புண்ணு இருந்தா மருந்து வச்சுக் கட்டுவாங்க. மாத்திரை குடுப்பாங்க. மூச்சு இரைப்புக்கு மெஷின் வச்சுவிடுவாங்க, சளி எளகி வந்துரும். காலு வரலைன்னா அசைச்சு அசைச்சுப் பழக்கிவிடுவாங்க.” ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல என் உடம்புல அந்தந்த எடம் முழிச்சுக்கிட்டு வலிக்கிது. முதுகு. நெஞ்சு. காலு. “காசு கேப்பாகளோ?” “ஒரு பைசா கெடையாது பாட்டி.” “கார்டு வேணுமா?” “முதல்ல பேரு, வயசு, எந்த வீடுன்னு சொன்னாப் போதும்.” சேலை முந்தியை உதறிச் சொருகுற சத்தம். இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அவ எதையோ முடிவு பண்ணுதா. வேண்டாம்ட்டி. வேண்டாம், நான் எம்புட்டு நாளைக்கு இருக்கப் போறேன், மழைக்காலம் தாண்டுறது கஷ்டம், அதுக்காக வீட்டை விட்டுராத. வாயில துண்டோட இதைத்தான் சொல்லுதேன். ஆனா முதுகு கேக்கல, சொல்லட்டும், ஒரு தடவையாவது ஒரு நர்ஸு வந்து அந்த எடத்துல பஞ்சை வைக்கட்டும்னு அது கெடந்து துடிக்கிது. நான் நல்லவன் இல்ல. சொல்லட்டும்னுதான் நெனைச்சேன்.

“தாயி” அப்படின்னா. “உள்ள ஒரு ஆளு கெடக்கு தாயி.” சொல்லிட்டா. “யாரு பாட்டி? ஒண்டிக்கட்டைன்னீங்க?” பொண்ணு திரும்பி உள்ள வருது. “யாரு பாட்டி உள்ள?” வளையல் சத்தம் கேக்குது. கழுத்துக்குக் கை போகுது, தாலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா, பாக்காமலே தெரியும். “அவுக…” அப்படின்னா. “அவுக வந்து தாயி…” தூக்கிப் போடப் போறா. வாடகை, மாத்திரை, பதினோரு வருஷத்துப் பொய், நாளைக்கு வரப்போற நோட்டீஸ், எல்லாத்தையும் இந்த முதுகுப் புண்ணுக்காக வாசல்ல தூக்கி வீசப் போறா. பஸ்ஸுல குனிஞ்ச அதே முதுகுக்கு. எனக்கு அப்பம் எங்கருந்து அந்தப் புத்தி வந்துச்சோ, தெரியல. துண்டை வாயில இருந்து உருவுனேன். “அண்ணன்ம்மா” அப்படின்னேன். “நான் அவ அண்ணன். கூடப் பொறந்தவன்.” சொன்ன உடனே இருமல் வந்துருச்சு. வரட்டும். அண்ணங்காரன் இருமலாம். குடல் வெளிய வர்ற மாதிரி இருமுனேன், யாருக்கும் பயப்படாம, இம்புட்டு நேரம் அடக்குன இருமலையும் சேத்து.

சேலை வெலகுச்சு. சின்ன மூஞ்சி, கண்ணாடி போட்டுருக்கு, மூக்கைப் பொத்தல. “என்ன பாட்டி இது, அண்ணன் இருக்காருன்னு சொல்றதுக்கென்ன? பென்ஷனை நிறுத்திருவோம்னு பயந்தீங்களா? புருஷனும் மகனும்தான் நாங்க பாக்குறது. அண்ணனெல்லாம் கணக்குலயே வராது.” பக்கத்துல முட்டிபோட்டு உக்காந்துருச்சு. “பேரென்ன தாத்தா?” மாடக்கண்ணுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அது அந்த பைல்ல இருக்கு, ஓடிப்போனவன் பேரு. “வெயிலுமுத்து”ன்னேன். எங்கப்பன் பேரு, வேற ஒண்ணும் வாயில வரல. “அப்பா பேரு?” பைல்ல அவ அப்பா பேரு இருக்கும்லா. “செவத்தையா”ன்னேன், என் மாமனார் பேரை. பொண்ணு குடுக்கமாட்டேன்னு ஆறு மாசம் நடக்கவிட்ட மனுஷன், இன்னைக்கு எனக்கு அப்பன் ஆயிட்டாரு. “வயசு?” அறுபத்தாறு. அது ஒண்ணுதான் நெசம். “உங்க குடும்பம், பிள்ளைங்க எல்லாம்?” இல்ல தாயின்னேன். “கல்யாணமே பண்ணிக்கலையா?” அந்தப் பொண்ணுக்குப் பின்னால அவ நிக்கா. அவ காலு மட்டும் எனக்குத் தெரியுது, கால் விரல்ல நான் போட்ட மெட்டி. “இல்ல தாயி. கட்டிக்கல.” எழுதுது. பேனா என்னமா ஓடுது. “பென்ஷன் வாங்கலையா தாத்தா நீங்க? கார்டு இல்லையா? சரி, அதையும் பாப்போம், நான் பாத்துக்குறேன், உங்களுக்கு அறுபது தாண்டிருச்சுல்ல.” இம்புட்டு நல்ல பொண்ணு பதினோரு வருஷத்துக்கு முன்ன எங்க போயிருந்துச்சு. “வியாழக்கிழமை நர்ஸ் வருவாங்க. தங்கச்சியைக் கூட இருக்கச் சொல்லுங்க.” எந்திரிச்சு அவகிட்டத் திரும்பிச்சு. “உங்க அண்ணன்தான பாட்டி?”

அவ சொல்லணும். அவ சொல்லாம முடியாது. எனக்கு அவ மூஞ்சியைப் பாக்கத் தைரியம் இல்ல, அந்த நீலக் கட்டம் காயுற வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன். எங்க ஆளுகள்ல ஒரு பொண்ணு ஒருத்தனை அண்ணேன்னு வாய் நெறயக் கூப்பிட்டுட்டா அவ்வளவுதான், வீட்டுல சம்பந்தப் பேச்சையே விட்டுருவாக, எந்தப் பெரிய மனுஷன் வந்தாலும் அதைத் திருப்ப முடியாது, முறை மாறுனது மாறுனதுதான். இது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேனா? தெரியல. அவளைக் காப்பாத்துறதா நெனைச்சேன். இல்ல, மறுபடி கீழ குனிஞ்சுக்கிட்டேனா? முன்னாடியாவது எட்டு மாசம். வியாழக்கிழமை, அதுக்கு அடுத்த வியாழக்கிழமைன்னு இனிமே நான் சாகுற வரைக்கும் நர்ஸு வரும், அண்ணனைத் திருப்பிப் போடுங்கம்மாங்கும், நாளைக்குச் செத்தாலும் தங்கச்சி வீட்டுல செத்தவன்னுதான் எழுதுவாக. அவ கழுத்துல கெடக்கிறதை அவுக்கவும் முடியாது, அதுக்குரியவன் எங்கயோ உசுரோட இருக்கான்ல. ஏட்டி குருவு, இல்லைன்னு சொல்லிரு. போனாப் போகுது, தெருவுல நிப்போம், இல்லைன்னு சொல்லிரு. “ஆமா தாயி” அப்படின்னா. “கூடப் பொறந்தவுக.” குரல் ஆடல.

“பாவம், இருமி இருமித் தொண்டை வறண்டு போயிருக்கும், தண்ணி குடுங்க பாட்டி” அப்படின்னு அந்தப் பொண்ணு சொல்லிக்கிட்டே செருப்பை மாட்டுது. குடத்துல மோந்து கொண்டுவந்தா. எப்பமும் என் தலையைத் தூக்கி மடியில வச்சு, சேலை முந்தியை மோவாய்க்குக் கீழ பிடிச்சுக்கிட்டு, கொஞ்சங்கொஞ்சமா ஊத்துவா, நான் தானா எந்திரிச்சுக் குடிச்சு நாலு மாசமாச்சு, அது அவளுக்குத் தெரியாம இல்ல. நான் கையை நீட்டுனேன். “இந்தாங்கண்ணே” அப்படின்னா. டம்ளரைத் தரையில வச்சிட்டு ரெண்டு எட்டுத் தள்ளிப் போயி நின்னுக்கிட்டா.